ஒரே கணக்கில் நாலு உலகண்ணன்

கருவேலங்குறிச்சி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே யாரையாவது விசாரித்துத்தான் வீடு போய்ச் சேருகிறார்கள். அங்கே பேருந்து நிழற்குடையில் உலகண்ணன், மாசானம், பேச்சிமுத்து, நயினார் என்று நாலு சேக்காளிகள் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். பேருந்து வந்தால் மரியாதைக்கு எழுந்து நிற்பார்கள். அது போனதும் மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள்.

நாலு பேரும் சேர்ந்து ஒரு போன் வாங்கினார்கள். செல்போன் கடைக்காரர் முகநூலில் ஒரு கணக்கைத் திறந்து கொடுத்து, "ஒரு போனுக்கு ஒரு கணக்கு போதும்" என்றார். போதும் என்று ஒருத்தர் சொன்ன பிறகு இன்னொன்று கேட்டால் பேராசை அல்லவா? அன்றைக்கு உலகண்ணன் மட்டும்தான் தலை சீவியிருந்தான். அதனால் அவன் படத்தையும் அவன் பெயரையுமே போட்டார்கள்.

திறந்த உடனே போன், 'உங்கள் மனதில் என்ன இருக்கிறது?' என்று கேட்டது.

"ஏல, இதுல என்னமோ கேக்கான்" என்றான் மாசானம்.

"கேக்குதவனுக்குப் பதில் சொல்லாட்டா நம்மளப் பத்தி என்ன நெனப்பான்?" என்றான் நயினார்.

அன்று முதல் முறை வைத்துப் பதில் சொன்னார்கள். மாசானம் காலையில் போனை வாங்கி, 'இப்படி ஒரு நல்லாட்சி உலகத்திலேயே கிடையாது' என்று போடுவான். பேச்சிமுத்து எதிர்க்கட்சி. தன் முறை வந்ததும் அதற்குக் கீழே, 'இதை எழுதினவனுக்கு மூளை இருக்கா?' என்று கேட்பான். நயினாருக்கு வீடியோ கேம் பற்றித்தான் கவலை. 'விமானத்திலிருந்து குதித்த பிறகுதான் துப்பாக்கியைத் தேடுகிறான். கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதா? இவனை நம்பி எப்படிச் சண்டைக்கு அனுப்புவது?' என்று எழுதுவான். உலகண்ணனுக்கு சினிமா. 'மழையில் ஆடும் கதாநாயகிக்கு ஒரு துண்டு கொடுக்க ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை' என்று கண் கலங்க எழுதிவிட்டு, பாரபட்சம் கூடாதென்று நாலு கருத்துக்கும் லைக் போட்டுவிடுவான்.

நேரில் அவர்கள் சண்டை போட்டதே கிடையாது. வெயிலில் எழுத்து தெரியாமல் பேச்சிமுத்து திணறினால், திட்டு வாங்கப் போகிற மாசானமே துண்டை விரித்துப் போனுக்கு நிழல் பிடிப்பான். அவ்வளவு ஒற்றுமை.

வெளியூர்க்காரர்களும் பதில் எழுதினார்கள். ஒருத்தர், 'போய் வேலையைப் பாருடா' என்றார். பேச்சிமுத்து அப்போதே எழுந்து போய், பாதியில் விட்டிருந்த வேலியைக் கட்டி முடித்துவிட்டு வந்து, 'பார்த்தாச்சு. அடுத்து என்ன செய்ய?' என்று கேட்டான். இன்னொருத்தர், 'தைரியமிருந்தா நேர்ல வாடா' என்றார். நயினார் வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சீப்புப் பழத்தோடு புறப்பட்டான். விலாசம் தெரியாததால் திருநெல்வேலி பேருந்து நிலையத்தில் வருகிறவர்களிடமெல்லாம், "என்ன வரச் சொன்னது நீங்கதானா?" என்று கேட்டுப் பார்த்தான். பிறகு பழத்தைத் தானே தின்றுவிட்டுத் திரும்பினான்.

"நல்ல மனுசன்தான். கூப்பிட்டுட்டு மறந்துட்டான்" என்றான்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் உலகண்ணனுக்குப் பெண் அமைந்தது. ஆலடியூர் செண்பகவடிவு. சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தாள். பெண் பார்க்கப் போன அன்று அவள் இவனைப் பார்த்து ஒரு தரம் சிரித்தாள். அவ்வளவுதான், பாவம், அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற நேரத்தில் அவளுடைய அப்பா சங்கரபாண்டி, ஓய்வுபெற்ற கண்டக்டர், மாப்பிள்ளையின் முகநூல் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டார்.

"தம்பி" என்று போனில் ஆரம்பித்தார். நேற்று வரை மாப்பிள்ளை என்று அழைத்தவர்.

"காலைல ஆளுங்கட்சி, மத்தியானம் எதிர்க்கட்சி. ஒம்மள நீரே மூளையில்லாதவன்னு திட்டியிருக்கீரு. அதுக்கு நீரே லைக்கும் போட்டிருக்கீரு. எம் பொண்ண என்னத்த நம்பிக் குடுக்க?"

"அது நான் மட்டும் இல்ல மாமா. நாங்க நாலு பேரு."

"நாலு பேருக்கெல்லாம் நான் பொண்ணு தரல" என்றவர், கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு செய்யும். நாலு பேரும் ஏதாவது ஒரு விசயத்துலயாவது ஒரே கருத்துக்கு வாங்க. அத எழுதி எங்கிட்ட கொண்டாந்து காட்டுங்க. அப்புறம் பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னார். இவர்களிடம் அதெல்லாம் செல்லாது.

நிழற்குடையில் ஆலோசனை தொடங்கியது. அரசியலை எடுத்தார்கள், உருப்படவில்லை. சினிமாவை எடுத்தார்கள், அது அதைவிட மோசம்.

"சின்னதா ஆரம்பிப்போம்ல. தண்ணி ஈரமா இருக்கும். இதுல யாருக்கும் தகராறு இல்லேல்ல?" என்றான் உலகண்ணன்.

"ஐஸ்கட்டியா இருந்தா?" என்று கேட்டான் மாசானம்.

இது நியாயமான கேள்வி என்று ஐஸ்கட்டி வாங்கி வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அது உருகி முடிவதற்குள், எதற்காக வாங்கினோம் என்பது மறந்துபோயிற்று. ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்தார்கள்.

"செம்பகத்த வேற எடத்துல குடுத்துருவாவல" என்று உலகண்ணன் அழுதேவிட்டான்.

அந்த நேரம் பார்த்து போன் கிணுகிணுத்தது. யாரோ முகம் தெரியாத ஒருத்தர் அவர்கள் பக்கத்தில் எழுதியிருந்தார்: 'இந்த ஆளுக்கு எவனாவது பொண்ணு குடுப்பானா? எல்லாரும் உங்க கருத்தைச் சொல்லுங்க.'

கருத்துக் கேட்டாயிற்று. நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அவசரப்படாதீங்க. ஒரு பொண்ணோட வாழ்க்கை. மொதல்ல ஆளு எப்படின்னு பாப்போம்" என்றான் நயினார்.

மாசானம் பக்கத்தைப் படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "கொள்கை கெடையாது. தன்னத் தானே திட்டுதான். துண்டுக்கெல்லாம் அழுவுதான்."

"நம்ம வீட்டுப் பொண்ணா இருந்தா குடுப்பமா?" என்று கேட்டான் நயினார்.

"சத்தியமா மாட்டோம்" என்றான் பேச்சிமுத்து.

மூன்று பேரும் உலகண்ணனைப் பார்த்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு செண்பகவடிவை நினைத்தான். அவளைப் போல ஒரு பெண் இப்படிப்பட்டவனிடம் போய் மாட்டிக்கொண்டால் என்ன கதி?

"குடுக்கவே கூடாதுல. எழுது" என்றான்.

எழுதின பிறகுதான் விஷயம் உறைத்தது. நாலு பேருக்கும் ஒரே கருத்து. ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டு, அல்வாவும் பூவும் தட்டில் வைத்து ஆலடியூருக்கு ஓடினார்கள்.

கண்டக்டர் போனை வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இது ஒங்க நாலு பேரு கருத்துமா?"

"ஒருத்தருக்கும் மாத்துக் கருத்து இல்ல மாமா. நான்தான் அடிச்சுச் சொன்னேன்" என்றான் உலகண்ணன்.

"எங் கருத்தும் இதுதான் தம்பி" என்றார் அவர்.

பேச்சிமுத்து மாசானத்தின் தோளைத் தட்டினான். "எத்தன பேரத் திட்டியிருப்போம், ஒருத்தன் மாறினானா? மாமா ஒரே வரியில நம்ம பக்கம் வந்துட்டாவ."

உலகண்ணன் அந்தத் துணிச்சலில், தையல் மிஷினுக்குப் பின்னால் இருந்த செண்பகவடிவைப் பார்த்து, "ஒங் கருத்து என்ன?" என்று கேட்டுவிட்டான். அவள் எட்டி, அப்பா கையிலிருந்த போனைப் படித்தாள். வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்து வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"எனக்கும் இதேதான்" என்றாள்.

உலகண்ணனுக்கு முகமெல்லாம் பூரித்துப் போயிற்று. அல்வாத் தட்டைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"பாத்தியளா மாமா, இப்பமே எங்க ரெண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போவுதுன்னு. நிச்சயத்துக்கு நாள் குறிச்சிருவமா?"