நாலாம் மேசை ஸ்பூன்

மிக்ஸி ஜார் தொழிற்சாலையின் மேனேஜர் நல்லசிவம், தன்னைவிடப் பத்து வயது இளைய தவமணி டீச்சரைத்தான் குருவாக வைத்திருந்தார். பொறியியல் கல்லூரியில் உற்பத்தி முறைகள் சொல்லித் தருகிறவர். அன்று மாலை நல்லசிவம் டீச்சரின் மேசைமேல் ஒரு ஸ்பூனை டக்கென்று வைத்தார்.

"பாருங்க டீச்சர், திருட்டுத்தனத்தை."

"ஸ்பூனையா திருடினாங்க?"

"ஓரத்தைப் பாருங்க. அரம் போட்டுத் தேய்ச்சிருக்காங்க."

ஜாரின் பிளேடுக்கு அடியில் ரப்பர் வாஷரைப் பொருத்தவேண்டும். எல்லாரும் கட்டைவிரல் சிவக்கச் சிவக்க அழுத்துகிற வேலை. நாலாம் மேசைப் பெண்கள் மட்டும் இந்த ஸ்பூனால் ஒரே நெம்பில் முடித்திருக்கிறார்கள். மூன்று மணிக்கே அன்றைய ஜார்கள் தீர்ந்துவிடும். பிறகு ஐந்து வரைக்கும், குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுகிற மாதிரி ஒவ்வொரு ஜாரையும் துடைத்துக்கொண்டிருப்பார்களாம்.

"எட்டு மாசமா சாப்பாட்டு டப்பாவுல வெச்சுக் கொண்டு வந்திருக்காங்க. கேட்ல டப்பாவைத் திறந்து பார்க்கறதே நான்தானுங்க. ஸ்பூன்தானேன்னு விட்டுட்டேன்!"

"அப்ப டப்பாவுல எதைத் தேடுனீங்க?"

"வாஷரை. எடுத்துட்டுப் போயிருவாங்களோன்னு."

டீச்சர் சிரிக்கவில்லை. நல்லசிவமே தொடர்ந்தார்.

"யோசனைப் பெட்டி மாட்டினேன். பரிசுன்னு சொன்னேன். ஒரு சீட்டு விழலை. மாசக் கடைசிக்குள்ள வேலையை வேகமா முடிக்கப் புது வழி காட்டலைன்னா வேலை மொத்தமும் வேற ஊருக்குப் போயிரும்னு முதலாளி சொல்லிட்டார். அறுபது பேர் பொழப்பு! இந்த ஒண்ணு மாட்டிக்கிச்சு. இன்னும் என்னென்ன ஒளிச்சு வெச்சிருக்காங்களோ. அதையெல்லாம் எப்படி வெளியே கொண்டு வர்றது?"

"இதுக்கு முன்னாடி யாராவது தானா வந்து சொன்னதுண்டா?"

"ரெண்டு வருசம் முன்னாடி மயிலாத்தா சொன்னா. ஜாரைக் கவுத்து ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினா, தூக்கிட்டுப் போற நடை பாதி மிச்சம்னு. சால்வை போர்த்தி போட்டோகூட எடுத்தோம்."

"அப்புறம்?"

"வேலை சீக்கிரம் முடிஞ்சுது. ஆறு பேர் தேவைப்படலை. வேலையை விட்டு நிறுத்திட்டோம்."

"மயிலாத்தா இப்ப எந்த மேசை?"

நல்லசிவம் ஸ்பூனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவளும் அந்த ஆறுல ஒருத்திங்க."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து நீட்டினார்.

"அந்த ஆறு பேரையும் திரும்ப வேலைக்குக் கூப்பிடணும்னு, பேரும் விலாசமும் எழுதுங்க. பெட்டியில விழற முதல் சீட்டு உங்களோடதா இருக்கட்டும்."

"நீங்களும் அவங்க பக்கமா டீச்சர்?"

"எழுதுங்க."

ஆறு பெயரையும் எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

"பேரெல்லாம் ஞாபகம் இருக்குங்க. வீடு எங்கேன்னுதான்..."

"நாலாம் மேசைக்குத் தெரியும்," என்றார் டீச்சர். "ஸ்பூனைத் திருப்பிக் குடுத்துட்டுக் கேளுங்க."