பாதியாகச் சுண்டிய தண்ணீர்

"எங்க கரை சுத்தம், அம்மா. அளந்துட்டேன்."

படகிலிருந்து இறங்கும்போதே அறவாழி சொன்னார். கையில் இரண்டு சீசா. ஒன்றில் அவருடைய மேற்கரை நாட்டுக் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் கீழ்க்கரை நாட்டுத் தண்ணீர்.

சடையம்மை நிமிரவில்லை. அடுப்பில் கொதிக்கும் பன்றிக்கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அது ஆற்றின் நடுத்திட்டு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அவளும் ஆறு பன்றிகளும் அங்கே இருந்தார்கள். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் அவள் குரு, அவர் சீடர். அது அப்படித்தான்.

"அளந்தாச்சுன்னா இங்க எதுக்கு வந்தீங்க, அளவுக்காரரே?"

"மேல பாருங்க."

திட்டுக்கு மேலே பாலம். பாலத்தின் இரு முனையிலும் ஆட்கள். எல்லார் கையிலும் கம்பு.

"உச்சிப்பொழுதுக்கு நான் தீர்ப்புச் சொல்லணும். எந்தக் கரைன்னு வாயைத் திறந்ததும் அந்தக் கரைப் பன்றிப்பட்டியை இடிக்கப் போறாங்க. அடிதடி இல்லாம எப்படிச் சொல்றது?"

கீழ்க்கரையில் அந்த வருஷம் ஏழு கைக்குழந்தைகள் நீலம் பாரித்தன. இரண்டு செத்துப்போயின.

காரணம் தெரிந்ததுதான். பன்றி எருவை வயலில் கொட்டுகிறார்கள். மழை பெய்தால் அதிலுள்ள தழைச்சத்து கரைந்து, மண்ணுக்குள் இறங்கி, கிணற்றில் சேர்கிறது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், பச்சைக்குழந்தையின் ரத்தத்தில் மூச்சுக்காற்று தங்காது.

இரண்டு கரையிலும் பன்றி உண்டு. எவன் எரு அதிகம் இறங்குகிறது? அதுதான் வழக்கு.

"எவ்வளவு?" என்றாள் சடையம்மை.

"எங்களுது நாற்பது. அவங்களுது எண்பது. ஐம்பது வரைக்கும் பயமில்லை."

"உங்க கரைப் பிள்ளைங்க?"

"ஒரு குறையும் இல்லை. எங்க கரை ஒழுக்கம்தான் தெரியுமே. பாதியாச் சுண்டக் காய்ச்சாத தண்ணியைப் பிள்ளை வாயில வைக்க மாட்டோம். கீழ்க்கரைக்காரன் பச்சைத்தண்ணியைக் கலக்கிக் கொடுக்கிறவன்."

சட்டைப்பையில் போன் அடித்தது. மகள் தில்லைமணி. தாய்வீட்டில் பிள்ளை பெற்று நாற்பது நாள். தாய்ப்பால் சுரக்கவில்லை, பால்மாவுதான்.

"அப்பா, பாப்பாவுக்கு உதடு கறுத்தாப்பல இருக்குப்பா."

"பனி. நல்லாப் போர்த்து."

"நேத்தும் இப்படித்தான்..."

"தண்ணியை இன்னும் கொஞ்சம் சுண்ட விடு. நான் வேலையா இருக்கேன்."

வைத்துவிட்டார்.

சடையம்மை கரண்டியைக் கீழே போட்டாள்.

"யாரு?"

"மகள். தலைப்பிள்ளை இல்லையா, தொட்டதுக்கெல்லாம் பயம்."

அவள் கஞ்சிப்பானையை இறக்கினாள். அகலமான இரும்புச்சட்டியை அடுப்பில் வைத்தாள்.

"உங்க கரைச் சீசாவைக் கொடுங்க."

இரண்டு குவளை அளந்து ஊற்றினாள். விறகைத் தள்ளினாள்.

"அம்மா, நான் கேட்டது..."

"ஊதுங்க."

ஐம்பத்தெட்டு வயது அளவுக்காரர் குனிந்து அடுப்பை ஊதினார். கண்ணில் புகை. பாலத்தில் பறை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"நேரமாச்சு, அம்மா."

"ஊதுங்கன்னா ஊதுங்க."

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆவி போய்க்கொண்டே இருந்தது. அவள் சட்டியை இறக்கிக் குவளையில் ஊற்றினாள். ஒரு குவளைதான் தேறியது.

"ஆற வெச்சு சோதனைத்தாளைப் போடுங்க."

"இதை எதுக்கு மறுபடி? எங்க தண்ணிதானே. நாற்பது."

"போடுங்க. அந்தக் கரைத் தண்ணியிலயும் ஒண்ணு."

சலிப்போடு சோதனைத்தாள் இரண்டை எடுத்தார். ஒன்றைக் குவளையில் நனைத்தார், ஒன்றைக் கீழ்க்கரைச் சீசாவில். அவள் இரண்டையும் வாங்கி, முதுகுப்பக்கம் கொண்டுபோய் இடம் மாற்றி, மறுபடி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

மெல்ல நிறம் ஏறியது. காலையில் மேற்கரைத் தாள் இளஞ்சிவப்பாக இருந்தது. அவர் கண்ணால் பார்த்தது. இப்போது இரண்டும் பீட்ரூட் சிவப்பு.

"இதுல எது உங்க கரை, அளவுக்காரரே?"

அறவாழி பார்த்தார். ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தார். மற்றதை எடுத்தார்.

இரண்டும் எண்பது. ஆவியாய்ப் போனது தண்ணீர் மட்டும்தான்.

பறை நின்றது. பாலத்திலிருந்து ஒருவன் குனிந்து கத்தினான். "அளவுக்காரரே, சொல்லுங்க. எந்தக் கரை?"

அவர் காதில் விழவில்லை. மகளுக்குப் போன் போட்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.

"யோவ், எந்தக் கரைய்யா?"

மகள் எடுத்தாள்.

"அடுப்பை அணை, தில்லை. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு."