பெல்வோனா டப்பாவுக்குள் இருந்த மாவு

முன்பு ஒரு டப்பாவுக்குள் கொஞ்சம் கஞ்சி மாவு குடியிருந்தது. முளைகட்டிய கேழ்வரகும் வறுத்த பாசிப்பயறும் சேர்த்துத் தூத்துக்குடியில் அரைத்த மாவு. அதற்கென்று பேர் கிடையாது. பேர் எல்லாம் டப்பாவுக்குத்தான்: பெல்வோனா. உலகமெங்கும் விற்கிற பால்மாவின் டப்பா. முன்பக்கத்தில் ஒரு குழந்தை இரண்டே பல்லோடு சிரித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே, 'நல்ல அம்மாவுக்குத் தெரியும்' என்று எழுதியிருக்கும்.

அந்த டப்பா வீட்டுக்கு வந்த கதை சின்னதுதான். அன்சிலா தன் பிள்ளை மிலனுக்கு ஆறாம் மாதத்தில் அதிலிருந்த பால்மாவை ஒரு கரண்டி கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் பிள்ளையின் உதடு வீங்கி, மூச்சு விசிலடித்தது. ஊசி போட்டுக் காப்பாற்றிய டாக்டரம்மா, "பால் சேர்ந்த எதுவும் இவன் வாயில் படக்கூடாது. அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காது" என்று சொல்லி அனுப்பினார்.

அன்சிலா பால்மாவைக் குப்பையில் கொட்டினாள். டப்பாவைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. இறுக்கமான மூடி, காற்றுப் புகாது. ஏழு தடவை கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கஞ்சி மாவை நிரப்பி, வண்டு வராமலிருக்க ஒரு துண்டு வசம்பையும் புதைத்து வைத்தாள். நம் வீடுகளில் எந்த டப்பாவில்தான் அதற்குரிய சாமான் இருக்கிறது?

வெளிநாட்டுத் துறைமுகமொன்றில் வேலை பார்க்கும் புருஷன் ரெக்சனிடம் அவள் இதைச் சொல்லவில்லை. தூரத்தில் கிடக்கிற மனுஷனை எதற்குப் பயமுறுத்துவது, நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். பிள்ளைக்குப் பத்து மாதம் ஆனதும் அவனிடம் போகப் புறப்பட்டாள். டப்பாவும் பைக்குள் ஏறியது.

"பயப்படாதே," என்றது டப்பா மாவிடம். "நீ வாயை மூடிக்கொண்டு இரு. என் மூஞ்சியைப் பார்த்தால் எந்த ஊர்க்காரனும் கேள்வி கேட்கமாட்டான்."

நடுவில் விமானம் மாறவேண்டிய ஊரில் ஒரு பெரிய கடை. அன்சிலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் ஓரமாக நடந்தாள். பையின் திறந்த வாய் வழியாக மாவு எட்டிப் பார்த்தது. அலமாரி முழுக்கப் பெல்வோனா டப்பாக்கள். எழுத்துகள் வேறு, சிரிப்பு ஒன்றே. நாற்பது வாய், எண்பது பல்.

"என் சொந்தக்காரர்கள்," என்று டப்பா பூரித்துப் போய், "அண்ணே, சௌக்கியமா?" என்று கூப்பிட்டது.

நாற்பதும் ஒரே குரலில் சொல்லின: "நல்ல அம்மாவுக்குத் தெரியும்."

"இந்தக் கடையில் எப்போதிருந்து இருக்கிறீர்கள்?"

"நல்ல அம்மாவுக்குத் தெரியும்."

மாவு வசம்பின் பக்கம் ஒதுங்கியது. "இவங்களுக்கு வேறு பேச்சே கிடையாதா?" என்று வசம்பிடம் கிசுகிசுத்தது.

வசம்பும் கிசுகிசுத்தது: "என் பேரைப் பொழுது சாய்ந்தால் நம்ம ஊரில் யாரும் சொல்வதில்லை. பேர் சொல்லாதது என்றுதான் கேட்டு வாங்குவார்கள். பேரைச் சொல்லிக்கொண்டே இருப்பவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?"

இறங்கிய ஊரில் ஒரு அதிகாரி பையைக் கிளறினார். செய்தித்தாளில் சுற்றியிருந்த கருவாட்டுப் பொடியை எடுத்து முகர்ந்தார். இது என்ன என்று சாடையில் கேட்டார். அன்சிலாவுக்குக் கான்வென்ட் இங்கிலீஷ் மொத்தமும் மறந்துபோனது. பொடி குப்பைத் தொட்டிக்குள் விழுந்தது.

விழும்போதே கத்தியது: "ஏலே மாவு, நல்லா வேஷம் கட்டியிருக்கலே. ஒனக்கென்ன, நீ பொழச்சுக்குவே."

அதிகாரி டப்பாவைத் தூக்கினார், சிரிப்பைப் பார்த்தார், திரும்பப் பைக்குள் வைத்தார். மூடியைக்கூடத் தொடவில்லை.

"பார்த்தாயா?" என்றது டப்பா.

 அந்த நிமிஷம் பெல்வோனாவாக இருப்பது மாவுக்குப் பிடித்திருந்தது. அதுதான் பிறகு அதை உறுத்தியது.

மறுநாள் காலை ரெக்சனின் சமையல் மேடையில் அன்சிலா டப்பாவை எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மாவு பக்கத்தில் பார்த்தது. மூன்று புது டப்பாக்கள். அதே இரண்டு பல்.

பிள்ளை அழுதான். ரெக்சன் அவனை முதன்முதலாகத் தனியாகத் தூக்கி வைத்திருந்தான்.

"அழாதல, ராசா. பசிக்கா? அப்பா ஒனக்கு எல்லாம் வாங்கி வச்சிருக்கேன்ல. வீடியோவுல ஒங்கம்மா பின்னால இந்த டப்பாதான் இருக்கும். தெருவுக்குத் தெரு விக்குது இங்க."

அவன் முதலில் திறந்தது மாவிருந்த டப்பாவைத்தான். உள்ளே பழுப்பு நிறம். முகர்ந்தான். ரெக்சன் விடுதியில் வளர்ந்தவன், வசம்பின் வாசம் தெரியாது.

"அடப்பாவமே, கெட்டுப்போச்சே. நிறமே மாறிட்டு," என்று சிங்க்கில் கவிழ்த்தவன், பிள்ளை வீறிடவும் பாதியோடு நிறுத்தினான். அதற்குள் வசம்பும் விழுந்திருந்தது.

"நான் கெடவில்லை," என்று மாவு அலறியது. "பிள்ளையைக் கொல்லப் போவது அந்தப் பால்மாவு. டப்பா, நீயாவது சொல்லேன்."

"எதைச் சொல்ல?" என்றது டப்பா. அதன் குரல் நாற்பது குரலாக மாறியிருந்தது. "அவன் கேட்டது பெல்வோனா. அங்கே இருப்பதும் பெல்வோனா."

ரெக்சன் புது டப்பாவின் மேல்தாளைக் கிழித்தான். வெந்நீர்க் குழாயைத் திருப்பிக் கிண்ணத்தைப் பிடித்தான். மீதி வெந்நீர் சிங்க்கில் கொட்டியது.

சிங்க்கில் கிடந்த வசம்பின்மேல் வெந்நீர் பட்டது. அது வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னிடம் இருந்த வாசம் முழுவதையும் ஆவியோடு விட்டது. காரமும் மருந்துமாக ஒரு நெடி மேடையைத் தாண்டி, குளியலறைக் கதவின் இடுக்கில் நுழைந்தது.

தலையில் சோப்பு நுரையோடு நின்ற அன்சிலா முகர்ந்தாள். டப்பாவுக்குள் இருக்க வேண்டிய வாசம் இங்கே எப்படி வந்தது?

அவள் ஈரத் துண்டோடு ஓடிவந்தபோது கரண்டி பிள்ளையின் உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. அவள் தட்டியதில் கரண்டி சுவரில் போய் மோதியது. ஒரு சொட்டு பிள்ளையின் மோவாயில். தண்ணீரால் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள்.

"என்ன அன்சிலா? அதே டப்பாதான? நீ குடுக்கதுதான?"

"அதே டப்பாதான்," என்றாள். 

தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் உதட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நான்கு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதை. ரெக்சன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கால் மணி ஆனது. அரை மணி ஆனது. உதடு உதடாகவே இருந்தது.

பிறகு அன்சிலா ஒரு வெறும் கண்ணாடிப் பாட்டிலைக் கழுவித் துடைத்து, மிஞ்சிய மாவை அதில் போட்டாள். மாவு முதல் தடவையாக வெளிச்சத்தில் உட்கார்ந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. வசம்பு இல்லாத இடம் மட்டும் அதற்கு வெறுமையாக இருந்தது.

ரெக்சன் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நான்கு டப்பாக்களையும் ஒரு பையில் போட்டுக் குப்பையில் எறியக் கீழே கொண்டுபோனான். தெருக்கோடியிலிருந்த கடையின் கண்ணாடிக்குப் பின்னால் கூரை வரை பெல்வோனா அடுக்கியிருந்தது. மேல் ஜன்னலிலிருந்து மாவும் அன்சிலாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிலன் அந்தப் படங்களைப் பார்த்தான். தெரிந்த முகம் என்று, தன் இரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.