மந்தியின் அரக்கு நகம்

மலையடிவாரத்துக் காட்டில், ஆற்றங்கரை நாவல் மரத்தில், கோமளி, மருதாயி என்று இரண்டு மந்திகள் இருந்தார்கள். மந்திகள்தானே, 'இருந்தன' என்று சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். சொன்னால் கோமளிக்குக் கோபம் வரும். அவள் அப்படிப்பட்டவள்.

இருவரும் நகமும் சதையும் போலப் பழகினார்கள். ஒருத்திக்குப் பலாச்சுளை கிடைத்தால் பாதி மற்றவளுக்கு. ஒருத்தியை யாராவது முறைத்தால் இருவருமே பல்லைக் காட்டுவார்கள்.

மருதாயிக்கு இடது கை விளங்காது. குட்டியாக இருந்தபோது கிளை முறிந்து விழுந்ததில் முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. மரம் ஏறுவாள், பழம் பறிப்பாள், எல்லாவற்றுக்கும் வலது கை போதும். பிடரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் முடியாது. ஒரு கையால் மயிரை விலக்கி, மறு கையால் அல்லவா பேன் எடுக்க வேண்டும்!

அதற்குத்தான் கோமளி இருந்தாள். உச்சி வெயில் ஏறியதும் மருதாயி வந்து முதுகைக் காட்டி உட்காருவாள். கோமளி மயிரை வகிர்ந்து வகிர்ந்து பேன், ஈர், உண்ணி எல்லாவற்றையும் எடுப்பாள். எடுத்ததை வாயில் போட்டுக்கொள்வாள். முகம் சுளிக்காதீர்கள். குரங்கு குலத்தில் அதுதான் மரியாதை.

இப்படி இருக்கும்போது அந்தக் காட்டுக்குச் சிங்காரம் என்கிற அணில் வந்து சேர்ந்தான்.

"டவுன்ல ஒரு பியூட்டி பார்லர் கூரையில குடியிருந்தேன்! ஓட்டை வழியா எல்லாத் தொழிலையும் பார்த்து வெச்சிருக்கேன்!" என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு திரிந்தான். "அங்க பொண்ணுங்க ஜெல் நெயில்னு ஒண்ணு வெச்சுக்குறாங்க. நம்ம காட்டுல அதுக்குப் பேரு அரக்கு நகம்! வாங்க, வாங்க!"

புரச மரத்து அரக்கை வெயில் பாறையில் இளக்குவான். அதில் பிசினைக் குழைப்பான். அதை நகத்தின் மேல் தடவி, இழுத்து நீட்டி, வடிவம் கொடுப்பான். பிறகு கையை ஒரு மரப்பொந்துக்குள் விடச் சொல்வான். உள்ளே மின்மினிப் பூச்சிகள் உட்கார்ந்து வெளிச்சம் போடும். அந்த வெளிச்சத்தில்தான் நகம் இறுகும் என்பான். காற்றில் ஆறினாலே இறுகும் என்று ஒரு மின்மினி பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்தது. அதை யார் கேட்டார்கள்!

கோமளிக்கு ஆசை வந்துவிட்டது. அத்திமரம் பழுக்கும் பருவம் நெருங்கியிருந்தது. அக்கரைக் குரங்குக் கூட்டம், ஆற்றின் குறுக்கே பாலமாக விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் நடந்து விருந்துக்கு வரும். அவர்கள் முன்னால் கையை நீட்டி, செக்கச்செவேல் என்று மின்னும் நகத்தால் ஒரு பழத்தைப் பறித்தால் எப்படி இருக்கும்!

"வெச்சுக்கலாமாடி? வேணாமாடி?" என்று மருதாயியைப் பிடித்து உலுக்கினாள்.

"வெச்சுக்கோயேன். ஆசைதானே!" என்றாள் மருதாயி.

"எந்த வடிவம்?"

அதுதான் பெரிய பாடாகப் போயிற்று. சிங்காரம் ஒரு இலையில் மாதிரிகளைப் பரப்பி வைத்திருந்தான். சதுர நகத்துக்குப் புளியங்கொட்டை. வாதாங்கொட்டை வடிவத்துக்கு வாதாங்கொட்டையே. கூர் நகத்துக்கு மூங்கில் முளை. கோமளி ஒவ்வொன்றையும் விரலில் பிசின் போட்டு ஒட்டிப் பார்த்தாள். ஆற்று நீரில் நிழல் பார்த்தாள். தூக்கத்தில்கூட "புளியங்கொட்டையா, மூங்கிலா?" என்று புலம்பினாள்.

காட்டுப்பூனையிடம் போய்க் கேட்டாள். "நகம்னா குத்தணும். குத்தாத நகம் எதுக்கு?" என்றது பூனை.

எருமையிடம் கேட்டாள். "எனக்கு இருக்கிறது குளம்பு. என்கிட்டப் போய்க் கேட்கிறியே!" என்று எருமை புல்லைக் கடித்தது.

மறுபடியும் மருதாயியிடமே வந்தாள்.

"புளியங்கொட்டை மாதிரி குட்டையா வெச்சுக்கடி. பார்க்கவும் லட்சணமா இருக்கும். எனக்குப் பேன் பார்க்கவும் தோதா இருக்கும்" என்றாள் மருதாயி.

"சரிதான்! புளியங்கொட்டைதான்!" என்று முடிவு கட்டினாள் கோமளி.

இருவரும் சேர்ந்தே சிங்காரத்திடம் போனார்கள். கோமளிக்கு இருட்டுப் பொந்து என்றால் பயம். பொந்துக்குள் கை விடும்போது மருதாயி அவள் வாலைப் பிடித்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

சிங்காரம் கோமளியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உச்சுக் கொட்டினான்.

"புளியங்கொட்டையாக்கா? சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு விரல் குட்டை. அதுல சதுரம் வெச்சா இன்னும் குட்டையாத் தெரியும். மூங்கில் முளை வெச்சுப் பாருங்க! அக்கரைக்காரங்க கண்ணு அங்கயே நின்னுடும்!"

விரல் குட்டை என்று யாரும் அதுவரை கோமளியிடம் சொன்னதில்லை. அவள் கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

"அப்ப மூங்கில் முளையே வை!" என்றாள்.

மருதாயி அவள் காதருகே குனிந்தாள். "அவ்வளவு நீளத்துல உண்ணி பிடிக்க வருமாடி?"

"வரும், வரும்! எல்லாம் பழகிக்கலாம்!" என்றாள் கோமளி. அவள் கண் அரக்குக் குழம்பின் மேலேயே இருந்தது.

மருதாயி சொன்னபடி வாலைப் பிடித்துக்கொண்டாள்.

நகம் என்னவோ அழகாகத்தான் வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். சிவந்து, நீண்டு, நுனி கூர்ந்து, வெயில் பட்டால் பளீரென்றது. கிளிகள் வந்து பார்த்தன. மயில்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போயிற்று.

ஆனால் அந்தக் கையால் ஒரு வேலையும் ஓடவில்லை. கிளையைப் பிடித்தால் வழுக்கிற்று. பழத்தைத் தோலுரித்தால் நகம் கொட்டை வரைக்கும் இறங்கிற்று. மருதாயிதான் தன் ஒற்றைக் கையால் பழத்தைத் துடையில் இடுக்கி, உரித்து, கோமளியின் வாயில் ஊட்டினாள். ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.

உச்சி வெயில் வந்தது. வழக்கம்போல மருதாயி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பிடரியில ஒரு உண்ணி கடிக்குதுடி. பெருசு போல."

கோமளி மயிரை விலக்கினாள். நகம் மயிரில் சிக்கியது. நுனி விரிசல் விட்டுவிடுமோ என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வெளிச்சம் போதலைடி. நாளைக்குப் பார்க்கலாமா?"

நல்ல உச்சி வெயிலில் வெளிச்சம் போதவில்லையாம்! மருதாயி "சரி" என்று எழுந்தாள். மறுநாள் கேட்டபோது, அக்கரைக்காரர்கள் வரப்போகிறார்கள், அதற்குள் நகம் கெட்டுவிடும் என்றாள் கோமளி. அதற்கும் மருதாயி "சரி" என்றாள். உண்ணிக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு இரத்தம் குடித்துப் பருத்தது.

அக்கரைக் கூட்டம் வந்தது. அத்திமரம் முழுக்கக் கலகலப்பு. அக்கரைத் தலைவி கோமளியின் கையைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா! இது என்ன நகமா, பவளமா!" என்று வாய் பிளந்தாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. கோமளி ஒவ்வொரு விரலாக நீட்டிக் காட்டினாள். இந்த ஒரு நேரத்துக்காகத்தானே அவள் அத்தனை நாள் தவித்தாள்!

அந்த நேரம் பார்த்து மருதாயி வந்து சேர்ந்தாள். உரித்த அத்திப்பழங்கள் சிலவற்றை ஒரு இலையில் ஏந்தியிருந்தாள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, பிடரி வீங்கியிருந்தது.

"கோமளி, தாங்க முடியலைடி. அந்த உண்ணியைக் கொஞ்சம் எடுத்துவிடேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வளைந்த கை. வீங்கிய கழுத்து. கோமளிக்கு மானம் போவது போல இருந்தது.

"இந்த நகம் என்ன, உனக்கு உண்ணி பிடிக்க வெச்சதா? போய் மரத்துல உரசிக்கோ!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மருதாயி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பழ இலையைக் கோமளியின் பக்கத்தில் வைத்தாள். இறங்கிப் போய்விட்டாள். மரத்தில் உரசிக்கொள்ளவும் செய்தாள். கரடுமுரடான பட்டையில் பிடரியைத் தேய்க்கத் தேய்க்கத் தோல் கிழிந்து இரத்தம் வந்ததே தவிர, உண்ணி வரவில்லை. கோமளி மேலிருந்து அதைப் பார்த்தாள். வாயில் இருந்த அத்திப்பழத்தைத் துப்பினாள்.

குரங்குகளின் பேச்சில் மன்னிப்புக்கு ஒரு சொல் கிடையாது. தப்புச் செய்தவர் எதிராளியின் பின்னால் போய் உட்கார்ந்து பேன் பார்க்க வேண்டும். எதிராளி நகராமல் முதுகைக் கொடுத்தால் மன்னித்தாயிற்று. அவ்வளவுதான் சட்டம்.

விடிந்ததும் கோமளி போனாள். சத்தம் காட்டாமல் மருதாயியின் பின்னால் உட்கார்ந்தாள். மருதாயி நகரவில்லை. முதுகைக் கொடுத்தாள்! கோமளிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நகம் உடைந்தாலும் உடையட்டும் என்று மயிரை விலக்கினாள். உண்ணி தெரிந்தது. பிடிக்கப் பார்த்தாள். நகம் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். கூர்நுனி விலகி, தோலுரிந்த புண்ணிலேயே நறுக்கென்று இறங்கிவிட்டது.

"ஐயோ!" என்று மருதாயி துள்ளினாள். திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கோமளியைப் பார்த்து மருதாயி பயந்தது அதுதான் முதல் தடவை. ஒற்றைக் கையாலேயே கிளை தாவி ஓடிவிட்டாள்.

கோமளி சிங்காரத்திடம் ஓடினாள். "எடு! இப்பவே எடு!"

"அவசரப்படாதீங்கக்கா! இதைப் பிய்க்கக் கூடாது. உள்நகம் வளர வளர, கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ச்சுத்தான் எடுக்கணும். பிய்ச்சா உங்க நகமும் சேர்ந்து வந்துடும்!"

"அதை முன்னாடியே ஏன் சொல்லலை?"

"நீங்க வடிவத்தைத்தானே கேட்டீங்க!"

கோமளி காத்திருக்கவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்தாள். அரக்கோடு உள்நகமும் ஏடு ஏடாக உரிந்து வந்தது. விரல் நுனியெல்லாம் ரணம். ஒரு தளிரைத் தொட்டால்கூட உயிர் போயிற்று. முன்பு நகம் நீண்டதால் பேன் பார்க்க முடியவில்லை, இப்போது நகமே இல்லாததால் முடியவில்லை.

அத்திப்பழம் தீர்ந்தது. அக்கரைக் கூட்டம் கிளம்பியது. அவர்களோடு மருதாயியும் கிளம்பிவிட்டாள். போகும் முன் நாவல் மரத்துக்கு வந்தாள்.

"அவங்கள்ல ஒருத்தி உண்ணியை எடுத்துவிட்டாடி. கூடவே வந்துடுன்னாங்க. போறேன்."

கோமளி இரணப்பட்ட கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "என் மேல கோவமாடி?"

"கோவம் இல்லைடி. வலிச்சுது. அவ்வளவுதான்."

'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையைக் காட்டியிருந்தால்கூடப் போதும், மருதாயி நின்றிருப்பாள். ஆனால் அந்தப் பாழாய்ப்போன கையைக் காட்டக் கோமளிக்கு வெட்கமாக இருந்தது. "சரி, போயிட்டு வா" என்றாள். நகம் ஆறியதும் அக்கரைக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அடுத்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகியது. ஒரு நாள் காலையில் பார்த்தால், பாலமாகக் கிடந்த மரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது.

மழை ஓய்ந்த நேரத்தில் கோமளிக்குப் புது நகம் முளைத்தது. குட்டையாக, கறுப்பாக, உரமாக, பேன் பார்க்கவென்றே செய்தது போல இருந்தது. அவள் கரைக்கு ஓடினாள். ஆறு இன்னும் நுரைத்துக்கொண்டு ஓடியது. அக்கரைப் பாறையில் மருதாயி இருந்தாள். பக்கத்தில் வேறு ஒருத்தி அவள் பிடரியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"மருதாயி! மருதாயி!"

வெள்ளத்தின் இரைச்சலில் குரல் போய்ச் சேரவில்லை. கோமளி இரு கைகளையும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். மருதாயி அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து, கோதிக்கொண்டிருந்தவளை விட்டு விலகி, தண்ணீர் ஓரம் வரை வந்தாள். கொஞ்ச நேரம் இக்கரையையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, கோமளிக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்து உட்கார்ந்தாள்.

கோமளியின் விரல்கள் வெறுங்காற்றை வகிர்ந்தன. நடுவில் ஆறு ஓடியது. பொழுது சாயும் வரை ஒருத்தி முதுகைக் காட்டியபடியும் மற்றவள் கையை நீட்டியபடியும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அலங்காரம் செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால், நம் கையை நம்பி இருப்பவருக்கு அந்தக் கை உதவாமல் போகும்படி செய்கிற அலங்காரம் நமக்கும் உதவாது.