அந்த இரண்டு எங்கிருந்து வருகிறது?

ஒரு நாள்கூட லீவு போடாமல் பள்ளிக்குப் போனாள் ஒருத்தி. ஆனாலும் ஒரு வகுப்பு முழுவதையும் அவள் படிக்கவே இல்லை. அது எப்படி?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அவள் பெயர் மிருதுளா. பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு. கல்லூரியை விட்டு விலகுவதாக ஒரு கடிதம் எழுதி, வகுப்புக்குப் பொறுப்பான கணக்குப் பேராசிரியர் ஜெசிந்தாவின் முன்னால் போய் நின்றாள்.

"கையெழுத்துப் போடுங்க மேம். எனக்குக் கணக்கு வராது."

"டெஸ்ட்ல எவ்வளவு?"

"அம்பதுக்கு ஆறு."

"பிளஸ் டூல?"

"தொண்ணூத்தெட்டு."

ஜெசிந்தா பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை.

"எக்ஸ் ஸ்கொயரோட வகைக்கெழு என்ன?"

"டூ எக்ஸ்." கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

"அப்படின்னா?"

"அப்படின்னா... டூ எக்ஸ்தான் மேம்."

"எங்கிருந்து வந்துச்சு?"

"நோட்ஸ்லேருந்து."

"பிளஸ் ஒன்ல சொல்லித் தரலையா?"

"எங்க ஸ்கூல்ல பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடம்தான். ரிவிஷன் மட்டும் பதினாலு தடவை."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டா, 'மார்க் வருதா இல்லையா?'ன்னு கேப்பாங்க. வந்துச்சு மேம்."

ஜெசிந்தா ஒரு காகிதத்தில் 'டூ எக்ஸ்' என்று எழுதி, அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

மிருதுளா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அந்த ரெண்டு எங்கிருந்துதான் வருது, மேம்?"

"உன் கிளாஸ் அங்கயற்கண்ணிகிட்ட கேளு."

"அவளா? பிளஸ் டூல அறுபத்தாறு மேம் அவ!"

"ஆமா. அவ ஸ்கூல்ல பிளஸ் ஒன்னையும் நடத்தினாங்க."

மிருதுளாவின் முகம் சுருங்கியது. "முதல் நாளே அவ மார்க்கைக் கேட்டு எல்லார் முன்னாடியும் சிரிச்சுட்டேன். இப்ப போய் நின்னா அவ சிரிப்பா."

"சிரிப்பா. அப்புறம் சொல்லித் தருவா."

ஜெசிந்தா கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடமே நீட்டினார்.

"ஆபீஸ் நாலு மணிக்கு மூடிடும். அங்கயற்கண்ணியோட பஸ்ஸும் நாலு மணிக்குத்தான்."

அப்போது மணி மூன்று ஐம்பது. அலுவலகம் ஒரு கோடியில். பேருந்து நிறுத்தம் மறு கோடியில்.

மிருதுளா பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள்.