ஊசிமலையில் நாற்பது குப்பி

"என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் ஓடுது மேடம். சர்வர்ல ஏத்தினா மட்டும் எந்திரிக்கவே மாட்டேங்குது" என்றார் கோமதிநாயகம்.

சகர்பான் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எது ஓடுது சார்?" என்று கேட்டாள்.

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. தான் எழுதிய அப்ளிகேஷன்தான் ஓடுகிறது என்று சொல்ல வாயெடுத்தார். அதையா கேட்கிறாள் என்று சந்தேகம் வந்தது.

அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அவளுக்கு முப்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில், எழுதி முடித்த அப்ளிகேஷன்களைப் பொட்டலமாகக் கட்டி சர்வரில் ஏற்றி ஓடவைப்பது அவள் வேலை. அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் அவர் அவள் பக்கத்து நாற்காலிக்கு வந்திருந்தார். அவர் மேடம் என்பதும் அவள் சார் என்பதும் மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை.

அதற்கு முன்னால் கோமதிநாயகம் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்து கொடுப்பவராக இருந்தார். மழைக்காலம் வந்தால் பாம்புக்கடி வரும். பைக்கில் நடுவில் உட்காரவைத்து, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வருவார்கள். அலமாரியில் மருந்து இருந்தால் சரி. இல்லாவிட்டால், இன்ன ஊருக்குப் போங்கள், அங்கே இருக்கும் என்று சொல்லி அனுப்புவார்.

அங்கே இருக்கிறதா என்று அவருக்கும் தெரியாது. போன் எடுத்தால் உண்டு. எடுக்காவிட்டால் குத்துமதிப்புதான்.

ஒரு தடவை, பாம்பு கடித்த ஒரு பெண்ணை அவர் அனுப்பிய இடத்திலும் மருந்து இல்லாமல் போயிற்று. அந்தப் பெண் பிழைக்கவில்லை. சில மாதம் கழித்து அவள் புருஷன் தலைவலி மாத்திரை கேட்டு அவரிடம் வந்தான். குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகுதான் கோமதிநாயகம் ஜாவா என்ற கணினி மொழியைப் படிக்க ஆரம்பித்தார். வீட்டில் சிரித்தார்கள். அவர் வேலையை விட்டபோது சிரிப்பு நின்றுபோயிற்று.

அவர் எழுதியது பெரிய சமாசாரம் இல்லை. எந்தச் சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்கிறது என்று போனில் பார்த்துக்கொள்ள ஒரு இணையப் பக்கம். அவ்வளவுதான். வரும் திங்கட்கிழமை அதை நிஜமாகவே பயன்படுத்த ஆரம்பிப்பதாகச் சுற்றுவட்டாரத்து டாக்டர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

சகர்பான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறர் எழுதிவைத்த நிரல்களை, லைப்ரரி என்று சொல்வார்களே, அவற்றை அவருடைய கம்ப்யூட்டர் இத்தனை நாளாக இறக்கிச் சேர்த்துவைத்திருந்த ஃபோல்டரைத் திறக்கச் சொன்னாள்.

திறந்தார். உள்ளே ஏகப்பட்டது கிடந்தது.

"அழிச்சிருங்க."

"எல்லாத்தையுமா?"

அவள் தலையாட்டினாள். அவர் அழித்தார். சொந்தச் சாமான்களைத் தெருவில் தூக்கிப் போடுவது போல இருந்தது.

மறுபடி பொட்டலம் கட்டச் சொன்னாள். கம்ப்யூட்டர் வேண்டியதையெல்லாம் இணையத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாக இறக்கியது. பாதியில் சிவப்பு எழுத்தில் நின்றுபோயிற்று. தேதிகளைப் படிக்கும் லைப்ரரி ஒன்றைக் காணோம் என்றது.

அவர் யோசித்தார். அது எங்கிருந்தோ தன் கையால் இறக்கிப் போட்டது என்று மெல்ல நினைவு வந்தது. அப்ளிகேஷனுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதும் இடத்தில் அதை அவர் எழுதவே இல்லை. இத்தனை நாளும் அது அவர் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. பொட்டலத்துக்குள் ஏறவில்லை.

"இப்ப என் கம்ப்யூட்டர்லயும் ஓடல" என்றார்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு சகர்பான் டீ குடிக்கப் போனாள்.

அவர் அந்த லைப்ரரியை உரிய இடத்தில் எழுதினார். எழுதும்போதே ஒரு பயம் வந்தது. இன்னும் எதுவும் விட்டுப்போய்விடக் கூடாதே என்று, தேவைப்படலாம் எனத் தோன்றியதையெல்லாம் சேர்த்துக்கொண்டார். பொட்டலம் மூன்று மடங்காக வீங்கியது. சர்வரில் ஏற்றினார். எழுந்தது. எழுந்த வேகத்தில் விழுந்தது.

இந்த முறை எதுவும் குறையவில்லை. ஒரே லைப்ரரி இரண்டு தடவை வந்திருந்தது, ஒன்று பழையது, ஒன்று புதியது. சர்வர் பழையதைப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைத் தேடித் தடுமாறியிருந்தது. பழையதை அவர் கேட்கவே இல்லை. அறிக்கை அச்சிடும் இன்னொரு லைப்ரரி அதைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

எதையும் விடாமல் வைத்தும் விழுகிறதே என்று அவளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மருந்து கொடுக்கும்போது இப்படித்தான் கொடுத்தீங்களா சார்?"

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

அன்று முழுக்க அவர் வேறு எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு லைப்ரரியாக எடுத்து, நீ எதற்கு வந்தாய் என்று கேட்டார். பதில் கிடைத்ததை வைத்துக்கொண்டார். கிடைக்காததை வெளியே எடுத்தார். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த பழையதை உள்ளே விடாதே என்று எழுதிவைத்தார். பொட்டலம் கைக்கு அடக்கமாக ஆயிற்று.

மறுநாள் காலையில் ஏற்றினார். எழுந்தது. நின்றது.

பக்கம் திரையில் வந்தபோது அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு சுகாதார நிலையத்தின் பேரில் குப்பிக் கணக்கைப் போட்டுச் சேமித்தார். சேமிக்க முடியவில்லை. அனுமதி இல்லை என்றது.

கணக்குகள் எல்லாம் சர்வரில் ஒரு ஃபோல்டருக்குள் சேர வேண்டும். அதில் எழுத அப்ளிகேஷனுக்கு உரிமை இல்லை. இணையத்தில் தேடினார். இதே தொல்லை உலகத்தில் ஏராளமான பேருக்கு இருந்தது. ஏராளமான பேர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். ஒற்றை வரிக் கட்டளை. அந்த ஃபோல்டரில் யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம் என்று ஆக்கிவிடும்.

அந்த வரியை அடித்தார். சேமித்தது.

எல்லாச் சுகாதார நிலையங்களும் சோதனைக்காக அனுப்பியிருந்த கணக்குகளை ஏற்றினார். ஊர் ஊராகத் திரையில் வந்து உட்கார்ந்தன. முடிந்துவிட்டது என்று சகர்பானிடம் சொன்னார். குரலில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

அனுமதிப் பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள் என்று கேட்டாள். சொன்னார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றாள்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது அவள் தன் இடத்தில்தான் இருந்தாள். அவர் திரையில் பக்கம் திறந்தபடியே இருந்தது.

"சுனைப்பட்டியில ஒருத்தரப் பாம்பு கடிச்சிருச்சுன்னு வைங்க. எங்க அனுப்புவீங்க?"

அவர் உட்கார்ந்து பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார். சுனைப்பட்டிக்கு மிக அருகில் ஊசிமலை. அதற்கு நேராக நாற்பது குப்பி என்று இருந்தது. இதற்குத்தானே இத்தனை பாடும் பட்டோம் என்று நினைத்தார்.

"ஊசிமலைக்கு. நாப்பது குப்பி இருக்கு."

"டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டீங்களா?"

"அது நேர் எதிர்த் திசை. பக்கத்துலயே இருக்கும்போது எதுக்கு அவ்வளவு தூரம்?"

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பியாச்சு."

சகர்பான் தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

சர்வர் எப்படி இருக்கும் என்று பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்காகக் கெஸ்ட், அதாவது விருந்தாளி என்று ஒரு லாகின் கணக்கு வைத்திருந்தார்கள். அதில் நுழைந்து சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் அந்தக் கணக்கில்தான் நுழைந்திருந்தாள். அவருடைய ஃபோல்டருக்குள் போய் ஊசிமலையின் கணக்கைத் திறந்து வைத்திருந்தாள். ஊசிமலைக்காரர்கள் அனுப்பியிருந்தது பூஜ்யம். அதை அழித்துவிட்டு நாற்பது என்று எழுதியிருந்தாள்.

வேறெதையும் தொடவில்லை. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. யாரும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தது அவர் அடித்த அந்த ஒற்றை வரிதான்.

இது வெறும் சோதனைக் கணக்கு, யாரும் எங்கேயும் போகவில்லை என்று கோமதிநாயகத்துக்குத் தெரியும். இருந்தாலும் அவர் மனசு சுனைப்பட்டியிலிருந்து ஊசிமலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பாதை அவருக்குத் தெரியும். வளைவுகள் தெரியும். அங்கிருந்து திரும்பி இறங்கி டவுனுக்குப் போக ஆகும் நேரமும் தெரியும்.

அவர் கீபோர்டை இழுத்து, முதலில் அந்த நாற்பதைப் பூஜ்யம் ஆக்கினார். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார். பூஜ்யம் என்று வந்தது. மறுபடி ஒருமுறை புதுப்பித்துப் பார்த்தார்.

கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், அந்தக் கெஸ்ட் கணக்கை எடுத்துரலாமா?"

"கெஸ்ட் என்ன சார் செஞ்சுச்சு?"