மூன்று வாய்ப் பூதமும் அல்லியங்கோதையும்

முன்னொரு காலத்திலே, மலைக்கும் கடலுக்கும் நடுவே வளவநாடு என்றொரு நாடு இருந்தது. பெயரில்தான் வளம். மலைக்காட்டை அரண்மனைக்கும் தேருக்கும் செங்கல் சூளைக்குமாக வெட்டித் தீர்த்திருந்தார்கள். வெயில் ஏறியது, ஆறு இறங்கியது, ஜனங்களின் மனசு சுருங்கியது. மிஞ்சியது ஒரே ஓர் ஏரி.

மலையில் புல் கருகவே, ஆயர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு அந்த ஏரிக்கு வந்தார்கள். உழவர்கள் மறித்தார்கள். கல் பறந்தது, கத்தி பறந்தது. விலக்கிவிடப் போன இளவரசன் மாறவேளின் மார்பில் ஒரு வேல் பாய்ந்தது. எறிந்தவன் ஆயர் தலைவன் கொற்றன்.

மகன் போன துக்கத்தில் அரசர் படுக்கையில் விழுந்தார். நாட்டைப் பார்க்கும் பொறுப்பு மூத்த மகள் அல்லியங்கோதையின் தலையில் வந்தது. அவள் அமைச்சர்களை அழைத்தாள்.

நீர் அமைச்சர் கிணறு வெட்டினார். கிணற்றுக்குக் கிணறு சண்டை மூண்டது. படை அமைச்சர் காவல் போட்டார். படைக்குச் சோறு பொங்க, மிச்சமிருந்த மரங்களும் அடுப்புக்குப் போயின. சமாதான அமைச்சர் தூது போனார். "நாக்கு வறண்டு கிடக்கிறது, பேச்சு எதற்கு?" என்று இரு பக்கமும் விரட்டினார்கள்.

வெயில் ஏறியது, ஏரி இறங்கியது, பிணங்கள் கூடின. ஏரியின் அடியில் ஏதோ உறுமுவதாக ஜனங்கள் நடுங்கினார்கள்.

ஓர் உச்சிவேளையில் அல்லியங்கோதை, நடுவில் மட்டும் நீர் மிஞ்சி ஓரமெல்லாம் வெடித்துக் கிடந்த ஏரிக்குள் தனியாக இறங்கினாள். சேற்றுப் பிளவுக்குள்ளே மலைபோல ஒரு பூதம் படுத்திருந்தது. அதற்கு மூன்று வாய்.

"யார் நீ?" என்றாள்.

"உங்கள் நாடு ஊட்டி வளர்த்த பிள்ளை!" என்றது பூதம். "ஒரு வாய்க்கு வெயில், ஒரு வாய்க்குத் தாகம், ஒரு வாய்க்கு ரத்தம். ஒன்றை நீ அடைத்தால் மற்ற இரண்டாலும் தின்பேன்."

"மூன்றையும் ஒரே நேரத்தில் அடைத்தால்?"

பூதம் சிரித்தது. ஏரிக்கரை அதிர்ந்தது. "செத்துப்போவேன். ஆனால் உன் அமைச்சர்கள் மூவரும் சேர்ந்து உட்காரவே மாட்டார்கள். நீயோ உன் தம்பியைக் கொன்றவனோடு உட்கார மாட்டாய். எனக்கென்ன பயம்?"

அவள் திரும்பி வந்தாள். மூவரையும் ஒரே அறையில் வைத்துக் கதவைத் தாழிட்டாள். "ஒரே திட்டத்தோடு வந்தால்தான் கதவு திறக்கும்!"

உள்ளே கத்தினார்கள், திட்டினார்கள், களைத்தார்கள், பிறகு பேசினார்கள். சூளைகளை அணைப்பது. வீரர்கள் வேல்களை வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்து, வாய்க்கால் தோண்டி மரம் நடுவது. ஏரித் தண்ணீர் காலையில் மாட்டுக்கு, மாலையில் வயலுக்கு. மடையை ஆயரும் உழவரும் சேர்ந்தே காப்பது.

"எல்லாம் சரி, தாயே," என்றார் சமாதான அமைச்சர் தயங்கியபடி. "கொற்றன் சம்மதிக்காமல் ஆயர்கள் வரமாட்டார்கள். தலை போய்விடும் என்று அவன் மலையில் ஒளிந்திருக்கிறான். நீங்கள்தான் போகவேண்டும்."

அன்றிரவு அவள் உண்ணவில்லை. விடிந்ததும், "நான் மலையேறியதும் வேலையைத் தொடங்குங்கள்" என்று சொல்லிவிட்டு, ஒரு குடம் தண்ணீரோடு புறப்பட்டாள்.

குகை வாசலில் கொற்றன் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தான். "வெட்ட வந்தீர்களா, அம்மா? வெட்டுங்கள். என் மகள் தாகத்தில் செத்தாள். அந்த வெறியில் எறிந்தேன். எதிரே யார் என்றுகூடப் பார்க்கவில்லை."

அல்லியங்கோதை குடத்தை அவன் முன்னால் வைத்தாள். "மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, கொற்றா. ஆனால் இன்னொரு பிள்ளை சாகவேண்டாம். நீ குடி. மிச்சத்தை நான் குடிக்கிறேன்."

அவன் அழுதுகொண்டே குடித்தான். அவளும் குடித்தாள். அந்த நேரத்தில் கீழே சூளைகள் அணைந்தன. வீரர்கள் தோண்டிய முதல் வாய்க்காலில் ஏரித் தண்ணீர் புரண்டது. பூதத்தின் ஒரு வாய் மூடியது, இரண்டாம் வாய் மூடியது, மூன்றாம் வாயும் மூடியது. பூதம் புழுதியாய் உதிர்ந்தது. மேற்கே இடி இடித்தது.

மழை வந்தது. செத்தவர்கள் வரவில்லை.

அரசர் எழுந்து வந்து மகளுக்கு முடி சூட்டினார். அவளுடைய முதல் ஆணைப்படி, கொற்றனும் ஓர் உழவனும் ஏரிக்காவல் ஏற்றார்கள். காலில் விழுந்த கொற்றனை அவள் தூக்கி நிறுத்தினாள். "போ," என்றாள். "கரை பலவீனமாக இருக்கிறது. மழை வலுப்பதற்குள் மண் போடு."

அவன் ஓடினான், உழவனும் கூடவே ஓடினான்.

அந்த ஏரி நிறைந்தது. கதை கேட்டவர்கள் ஊர்க் குளமும் நிறையட்டும்.